இத்தாலிய மொழியில் நாற்பத்தொரு பழுதுகள்

எங்கள் வீட்டில் நாற்பத்தாறு சுவிட்சுகள் இருக்கின்றன. நான்கு வேலை செய்யாது. ஒன்று எதற்கென்று இதுவரை யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் வெளியூர் போகும்போது அதையும் நிறுத்திவிட்டுத்தான் போவேன். காரைக்காலில் கடலை ஒட்டி வீடு வைத்திருப்பவனுக்கு இந்தப் பயம் இருக்க வேண்டும். உப்புக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. மோட்டாரின் போல்ட்டு, மோடத்தின் பிளக், கேட்டின் கீல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையோ பழுப்போ பூத்து நின்றுபோகும்.

நான் கொம்யூன் பஞ்சாயத்தில் முப்பத்து மூன்று வருடம் எழுத்தராக இருந்தேன். அதில் பத்தொன்பது வருடம் பழுதுப் பதிவேடு என் கையில் இருந்தது. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எது? எங்கே? எப்போதிலிருந்து? முதல் இரண்டுக்கும் பதில் வந்துவிடும். மூன்றாவதுக்கு வராது. "ரொம்ப நாளாங்க" என்பார்கள். கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்த மீனவர் ஒருவர், "எங்க வலை கிழிஞ்ச அன்னையிலிருந்துங்க" என்று சொல்லிவிட்டு, அதை நான் எழுதிக்கொள்வதற்காகக் காத்து நின்றார். எழுதத்தான் செய்தேன். தேதி தெரியாவிட்டால் பழுது பார்ப்பவன் எங்கே தொடங்குவான்?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்தப் பதிவேட்டை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான். எனக்கு எழுபத்து மூன்று வயது. எது நின்றாலும் நெஞ்சு படபடக்கும். நின்ற நேரத்தை எழுதிவிட்டால் படபடப்பு பாதியாகும். மீதிப் பாதிக்கு மகளை அழைப்பேன்.

மகள் இத்தாலியில் நர்ஸாக இருக்கிறாள். வடக்கே ஒரு சிறிய ஊர். மருமகன் கப்பலில் என்ஜினியர். ஆறு மாதம் கடலில், மூன்று மாதம் கரையில். இந்த வருடம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. விடுப்பு முடிந்து மகள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் நெருங்கியது. மருமகன் அப்போது கடலில் இருப்பார். நாங்கள் இரண்டு பேரும் ஆறு மாதம் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று பேச்சு. பாஸ்போர்ட்டுகூட எடுத்தாகிவிட்டது. அப்போதுதான் எங்கள் வீட்டு மோட்டார் தண்ணீர் ஏற்றாமல் மக்கர் செய்தது. நான் மகளை ஒன்பது முறை அழைத்தேன். அவள் ஒன்பது முறையும் எடுக்கவில்லை.

அன்று மாலை அவளே அழைத்தாள்.

"அப்பா, காலையிலேருந்து ஒம்பது மிஸ்டு கால். அம்மாவுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்தே போயிட்டேன். கடைசியில பாத்தா மோட்டார்!"

"ஓடுதும்மா, தண்ணிதான் ஏறல."

"நான் இங்கேருந்து வந்து தண்ணி ஊத்தி ஏர் எடுக்கவா? சொல்லுங்க."

 பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். வேலைக்குத் திரும்பியபின், வார்டில் இருக்கும்போது போன் லாக்கரில் இருக்கும். எட்டு மணி நேரம் அவளை யாரும் பிடிக்க முடியாது. அந்த வீட்டில் ஏதாவது நின்றால் நான் என்ன செய்வேன்? பதறுவேன். என் பதற்றம் குழந்தைக்குத் தெரியும். "அம்மா மட்டும் வரட்டும்பா. நீங்க இந்தத் தடவை அங்கயே இருங்க. கோவிச்சுக்காதீங்க."

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடம். மனைவியைப் பிரிந்து நான் இருந்தது அதிகபட்சம் பதினொரு நாள். அவளுடைய தம்பிக்குத் திருச்சியில் ஆபரேஷன் நடந்தபோது. அந்தப் பதினொரு நாளில் நான் காய்ச்சிய பால் ஆறு முறை பொங்கி வழிந்தது. ஆறு மாதம் என்றால் எத்தனை நாள் என்று கணக்குப் போட எனக்குத் தாள் தேவையில்லை. பேத்தியின் முதல் பல், முதல் நடை எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

மனைவி போனை வாங்கி ஒரே கேள்வி கேட்டாள். "அங்க ஏதாவது கெட்டுப்போச்சுன்னா யார்கிட்ட சொல்றது?"

கீழ்த்தளத்தில் ஒரு அம்மாள் இருக்கிறார். என் வயதுதான் இருக்குமாம். அந்தக் கட்டடத்தில் பதினொரு வீடுகள். எல்லா வீட்டு மாற்றுச் சாவியும், மீட்டர் அறைச் சாவியும் அவரிடம்தான். எது நின்றாலும் அவரிடம் சொன்னால் போதும். ஆனால் அவருக்கு இத்தாலியன் தவிர வேறு எதுவும் தெரியாது. போனில் பேசினால் மொழிபெயர்த்துச் சொல்லுமே என்று கேட்டேன். "அந்தம்மா போனைப் பாத்துப் பேச மாட்டாங்கப்பா. மூஞ்சியப் பாத்துத்தான் பேசுவாங்க. அதுவும் போக, நெட்டே போச்சுன்னா போன் எங்க மொழிபெயர்க்கும்?"

"அப்ப அவரு கத்துக்கிட்டா?" என்றாள் மனைவி.

மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, அந்தம்மாகிட்ட என் உதவி இல்லாம என்ன பழுதுன்னு அப்பா சொல்லட்டும். அவங்களுக்குப் புரிஞ்சா ரெண்டு டிக்கெட். இல்லன்னா ஒண்ணு" என்றாள். டிக்கெட் எடுக்க ஏழு வாரம் இருந்தது.

எங்கள் மாதா கோயிலுக்குப் பக்கத்துக் கன்னியர் மடத்தில் ஒரு சிஸ்டர் இருக்கிறார். இளவயதில் ரோமில் எட்டு வருடம் மடத்துச் சமையல்கட்டில் வேலை செய்தவர். ஞாயிறு பூசை முடிந்ததும் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஜெபம் சொல்லித் தரட்டுங்களா சார்? நல்லா வரும் எனக்கு" என்றார்.

"ஜெபம் வேணாங்க சிஸ்டர். மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. இதுக்குச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இல் மொத்தோரே ஜீரா, மா லாக்குவா நோன் சாலே" என்றார். எழுதிக்கொண்டேன். எளிதாகத்தான் இருந்தது. பள்ளியில் கொஞ்சம் பிரெஞ்சு படித்தவன் நான். பிரெஞ்சில் பாதி எழுத்தை விழுங்க வேண்டும். எதை விழுங்குவது என்று எனக்கு எப்போதும் சந்தேகம். இதில் எழுதியதையெல்லாம் வாயைத் திறந்து சொல்லிவிடலாம். எதுவும் வீணாவதில்லை.

அன்றைக்கே பட்டியல் போட்டேன். முப்பது நாற்பது வருடத்தில் இந்த வீட்டில் எது எது நின்றிருக்கிறது என்று அறை அறையாகப் போய் நின்று யோசித்து எழுதினேன். நாற்பத்தொரு பழுதுகள் வந்தன. கரண்ட் போய்விட்டது. லோ வோல்டேஜ். மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் மட்டும் வருகிறது. டேங்க் நிரம்பி வழிகிறது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது. இன்வெர்ட்டர் கத்துகிறது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. உப்புப் படிந்து குழாய் அடைத்துக்கொண்டது. ஒவ்வொன்றையும் பதிவேட்டு முறைப்படி மூன்று துண்டாக எழுதினேன்: எது, எங்கே, எப்போதிலிருந்து.

சிஸ்டருக்குப் பாதிக்கு வார்த்தை தெரியவில்லை. "இன்வெர்ட்டருக்கு நான் எங்க போவேன் சார்? எனக்குத் தெரிஞ்சது அடுப்பும் பானையும்." தெரியாததை மடத்துக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துச் சொன்னார். ஒரு பேஸ் மட்டும் வருவதை மொழிபெயர்க்க எங்களுக்கு இரண்டு ஞாயிறு ஆனது. கரண்ட் போய்விட்டது என்பதற்கு, "எ அந்தாத்தா வீயா லா கொர்ரெந்தே" என்றார். அங்கேயும் கரண்ட் நம் ஊர் போலவே போய்விடத்தான் செய்கிறது என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

கடைசியில் அவரே ஒன்று சேர்த்தார். "பழுதை மட்டும் சொல்லிப் பழகாதீங்க சார். சரியாயிடுச்சுன்னு ஒண்ணு வேணும். எ தொர்னாத்தா. வந்துடுச்சு." அதைப் பட்டியலின் கீழே எண் போடாமல் எழுதிக்கொண்டேன். எங்கள் பதிவேட்டிலும் சரிசெய்த தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் அது காலியாகத்தான் கிடக்கும்.

ஐந்து வாரம் ஓடியது. காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது நாற்பத்தொன்றையும் சொல்லிக்கொண்டு நடந்தேன். விளக்குக் கம்பத்துக்கு ஒரு வாக்கியம். தெரிந்தவர்கள் நான் ஜெபமாலை சொல்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டில் சிலிண்டர் உண்மையாகவே தீர்ந்தபோது அடுக்களையிலிருந்து மனைவி, "லா பொம்போலா எ ஃபினீத்தா!" என்று கத்தினாள். கேட்டே கற்றுக்கொண்டிருக்கிறாள். அந்தச் சிலிண்டர் ஏழு வாரம் நான்கு நாள் வந்தது என்று தமிழில் சொன்னேன். "அதுக்கும் கேட்டு வச்சுக்கங்க" என்றாள்.

பட்டியல் முழுவதையும் மகளுக்குச் சொல்லிக் காட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் தாளைப் பார்க்காமல் ஒன்று முதல் தொடங்கினேன். ஆறாவதில் அவள் தோள் குலுங்கியது. பதினான்காவதில் வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்து மூன்றில் குழந்தை விழித்து அழுதது.

"அப்பா, அப்பா, நிறுத்துங்க. இங்க மோட்டாரே கிடையாதுப்பா."

"மோட்டார் இல்லாம தண்ணி எப்படி மாடிக்கு ஏறும்?"

"அது பாட்டுக்கு வரும். டேங்க் கிடையாது. சிலிண்டர் கிடையாது, பைப்புல வருது. இன்வெர்ட்டர்னா இங்க யாருக்கும் என்னன்னே தெரியாது."

"கரண்ட் போகாதா?"

"தானா போகாது. ஓவனும் வாஷிங் மெஷினும் ஒண்ணாப் போட்டா மீட்டர்ல ஸ்விட்ச் விழுந்துடும். கீழ போய்த் தூக்கி விடணும். அவ்வளவுதான்."

நான் தாளை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தேன். நாற்பத்தொன்றில் ஐந்து மிஞ்சின. முப்பத்தாறும் காரைக்கால் வீட்டின் பழுதுகள். பழுது என்றால் எனக்குத் தெரிந்தது இந்த வீட்டின் பழுதுதான். இத்தாலியில் வேறு மாதிரி கெட்டுப்போகும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

மகள் அந்த வீட்டில் கெடக்கூடியவை பன்னிரண்டை எழுதி அனுப்பினாள். சுவரில் மாட்டியிருக்கும் வெந்நீர்ப் பெட்டி நின்று சிவப்பு விளக்கு காட்டும். வீட்டுக்குச் சூடும் அதிலிருந்துதான் வரும், குளிர்காலத்தில் அது நின்றால் வீடே விறைத்துப்போகும். லிஃப்ட் நடுவில் நிற்கும். தெருக்கதவு மணி கேட்காது. இப்படிப் பன்னிரண்டு. பத்து நாள் இருந்தது. எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. வெந்நீர்ப் பெட்டிக்கு 'கால்தாயா' என்று பெயர். அதைக் காலையில் படித்தால் மத்தியானம் மறந்தது. மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவற்றோடு மல்லுக்கு நின்றவன். கால்தாயாவை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அந்தப் பத்து நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி பெட்டியை எடுத்து ஹாலில் வைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் துணி அடுக்கினாள். மறுபக்கம் காலி. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன். "நீங்க வரலன்னா நான் மட்டும் போயி அங்க யாருகூட சண்டை போடுறது?" என்றாள் ஒருமுறை. அவள் அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

வியாழக்கிழமை நான்கு மணிக்குத் தேர்வு. அங்கே முற்பகல் பதினொன்றரை. ஐப்பசி மழை காலையிலிருந்து பெய்துகொண்டிருந்தது. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டேபிளில் டேப்லெட்டை நிறுத்தி வைத்து உட்கார்ந்தேன். படம் வந்தது. மகள் ஒரு நாற்காலியைக் காட்டினாள். நரைத்த முடியை இறுக்கி முடிந்திருந்த ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் கயிறு கட்டிக் கண்ணாடி தொங்கியது. இடுப்பில் ஒரு வளையம் நிறையச் சாவிகள். எண்ண முயன்றேன், அவர் அசைந்துகொண்டே இருந்தார். மகள், "நான் உள்ள போயிடுறேன்பா. பேசுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். பிறகு, "தீக்கா" என்றார். சொல்லுங்கள் என்று பொருள். பஞ்சாயத்தில் நான் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து சொல்வது போலவே சொன்னார்.

"லா கால்தாயா..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. லா கால்தாயா என்று மறுபடி சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். மனைவி அடுக்களை வாசலில் நின்று உதட்டைப் பிதுக்கினாள், அவளுக்கும் தெரியவில்லை.  பெட்டியின் காலிப் பக்கம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அப்போது தெருவில் எங்கோ டப்பென்று ஒரு சத்தம். மின்விசிறி மெதுவாகி நின்றது. விளக்கு ஒருமுறை அணைந்து இன்வெர்ட்டரில் எரிந்தது. எரிந்த உடனே மூலையில் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. மாதத்தின் முதல் ஞாயிறு பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது என் வழக்கம். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. இந்தப் பழுதுப் பாடத்தில் மூழ்கி இரண்டு மாதமாக மறந்திருக்கிறேன்.

என்ன நடந்தது என்று எனக்கே தெரிவதற்குள் வாய் பேசிவிட்டது. கரண்ட் போய்விட்டது அம்மா. இங்கே, காரைக்காலில். ஒரு நிமிடமாக. இன்வெர்ட்டர் கத்துகிறது. பேட்டரியில் தண்ணீர் இல்லை. இப்போது லைன் விழுந்துவிடும். தயவுசெய்து காத்திருங்கள், நானே திரும்ப அழைக்கிறேன். எல்லாம் இத்தாலிய மொழியில், நிறுத்தாமல். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். "தா க்வாந்தோ?" என்று கேட்டார். எப்போதிலிருந்து?

என் வாழ்நாளில் என்னிடம் யாரும் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டதில்லை. "தா தூயே மினூத்தி," என்றேன். இரண்டு நிமிடமாக. அத்தோடு எல்லாம் இருண்டது.

கரண்ட் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் மழையில் டவரும் படுத்துவிட்டதால் மனைவியின் போனிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. நான் பேட்டரியின் மூடிகளைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். மனைவி டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள். "போயிருப்பாங்க" என்றேன். "காத்திருங்கன்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

மறுபடி அழைத்தபோது அந்த அம்மாள் அதே நாற்காலியில்தான் இருந்தார். கையில் காபிக் கோப்பை. என்னைப் பார்த்ததும், "எ தொர்னாத்தா?" என்றார்.

"எ தொர்னாத்தா," என்றேன். "மூன்று நிமிடமாக."

பிறகு அவர் இன்வெர்ட்டர் என்றால் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி மூலையைக் கை காட்டினார். டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அப்புறம் மோட்டார். அது ஓடுகிறது, ஆனால் தண்ணீர் ஏறவில்லை என்று நடித்தும் சொல்லியும் காட்டினேன்; அன்று தண்ணீர் நன்றாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. சிலிண்டரை மனைவி தட்டிக் காட்டி அதன் வாக்கியத்தை அவளே சொல்லிவிட்டாள். மழையில் குடை பிடித்து மாடிக்குப் போய் டேங்கைக் காட்டினோம். நாற்பத்தொன்றில் இருபத்தொன்பதைப் பயன்படுத்திவிட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சில இடத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். பேஸ் விஷயம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. சிஸ்டரிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று இருக்கிறேன்.

மகள் கதவைத் திறந்து வந்தாள். அந்த அம்மாள் அவளிடம் நீளமாக ஏதோ சொன்னார். இரண்டு கையும் பேசின. மகள் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"இந்தக் கட்டடத்துல பதினொரு வீடாம். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட எப்பலேருந்துன்னு சரியாச் சொன்னது கிடையாதாம். எல்லாம் 'ரொம்ப நாளா'ன்னுதான் சொல்வாங்களாம். உங்க வீட்ல இவ்வளவும் கெட்டுப்போகுது, இவ்வளவையும் இவரு பாத்துக்கிறாரு, இங்க வந்து என்ன பண்ணப் போறாரு, சும்மா இருந்து சலிச்சுப்போகப் போறாருன்னு கவலைப்படுறாங்க."

"கால்தாயா பத்தி என்ன சொன்னாங்க?"

"அதைச் சொல்ல வேணாமாம். சிவப்பு விளக்கு எரிஞ்சா வந்து கதவைத் தட்டி, எத்தனை நிமிஷம்னு மட்டும் சொன்னாப் போதுமாம்." அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ரெண்டு டிக்கெட் போட்டுடுறேன்பா."

மனைவி அன்று மாலையே பெட்டியின் மறுபக்கத்தில் என் சட்டைகளை அடுக்கினாள். எட்டு. ஸ்வெட்டர் இரண்டு. டிஸ்டில்டு வாட்டர் கேனை எடுத்துவைக்க வேண்டுமா என்று கேட்டாள். 

கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. சாவியைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம். பட்டியலின் தமிழ்ப் பிரதி ஒன்றை அவருக்கு எழுதி வைத்திருக்கிறேன். கவலைகள் இருக்கத்தான் செய்கின்றன. கடைசியாக எனக்கு இருந்த பெரிய கவலை லிஃப்ட். மகள் வீடு இரண்டாம் மாடி. லிஃப்ட் நின்ற நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டுமானால் எத்தனை படி என்று மகளைக் கேட்டேன். மூன்று வருடமாக அங்கே இருக்கிறாள், தெரியாது என்றாள். எப்படித் தெரியாமல் இருக்க முடியும் என்று நான் கோபித்துக்கொண்டேன்.

நேற்று மகளின் போனிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. முதலில் மூச்சு வாங்கும் சத்தம், சாவிகள் குலுங்கும் சத்தம். பிறகு அந்த அம்மாளின் குரல், ஒரே வார்த்தை: "த்ரெந்தோத்தோ." முப்பத்தெட்டு. என் வயதுக்காரர், மூச்சு வாங்க ஏறி எண்ணியிருக்கிறார்.

சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் போனதும் நானும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன்.